வைட் ரிஸ்க் செயலி: பிள்ளை சுவிஸ் மலையில், நாங்கள் வெள்ளவத்தையில்

சுவிஸில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம். அந்தப் பிள்ளை குளிர்காலத்தில் ஸ்கீ டூரிங் போகிற ஆள் என்றால், வைட் ரிஸ்க் என்ற செயலியை உங்கள் போனிலும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். எனப்படும் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுவது. அதில் வரும் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை, சுவிஸில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

என் மகள் கூர் நகரில் தாதியாக வேலை செய்கிறாள். வேலையிடத்துச் சிநேகிதர்களோடு மலைக்குப் போகிறாள். லிப்ட் உள்ள சறுக்குத் தளம் என்றால் எனக்கு இவ்வளவு யோசனை இல்லை. அங்கே பாதைகளைக் கண்காணிக்க ஆட்கள் உண்டு, ஆபத்து என்றால் மூடிவிடுவார்கள். ஸ்கீ டூரிங் அப்படி அல்ல. ஸ்கீயின் அடியில் பின்னுக்கு வழுக்காத பட்டையை ஒட்டி, மணிக்கணக்காக ஏறி, மேலே போய் அதைக் கழற்றிவிட்டு, யாரும் தடம் பதிக்காத பனியில் இறங்குகிறார்கள். அந்தச் சரிவை மூடவும் திறக்கவும் யாரும் இல்லை. போவதா திரும்புவதா என்பதை அந்த நாலைந்து பேர்தான் முடிவெடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் முன்னறிவிப்பு சுவிஸ் நேரம் மாலை 5 மணிக்கு வரும், நமக்கு அது இரவு 9.30. காலை 8 மணிக்குப் புதுப்பிப்பார்கள், நமக்குப் பகல் 12.30. மார்ச் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றியதும் ஒரு மணித்தியாலம் முந்தி வரும். திறந்தவுடன் நாட்டின் வரைபடம். ஆபத்தின் அளவுக்கு ஐந்து படிகள்: 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு, 5 சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாக. நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். செயலியின் பெறுமதியே அதற்குக் கீழேதான் இருக்கிறது.

முதலில் அந்த 3 பற்றி. ஐந்தில் நடு, பரவாயில்லை என்று மனம் சொல்லும். குளிர்காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்குத்தான் 3 அறிவிக்கிறார்கள், ஆனால் பனிச்சரிவில் இறப்பவர்களில் பாதிப் பேர் அந்த நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 என்றால் பெரும்பாலானோர் வீட்டில் நின்றுவிடுவார்கள். 3 அன்று வானம் நீலமாக இருக்கலாம், மலையில் ஆபத்தின் அடையாளம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். 2022/23 குளிர்காலத்திலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல், சமன், கழித்தல் குறியும் போடுகிறார்கள். கூட்டல் போட்ட 3 அநேகமாக 4ஐத் தொடுகிறது என்று அர்த்தம். மிகவும் உதவியான மாற்றம்.

உங்கள் பிள்ளை போகும் பிராந்தியத்தைத் தொட்டால் ஒரு திசை வட்டம் வரும். அதில் கறுத்திருக்கும் பக்கங்கள்தான் கூடுதல் ஆபத்தானவை. பக்கத்தில் ஓர் உயரம், உதாரணமாக 2200 மீட்டருக்கு மேல். அப்புறம் என்ன வகைப் பிரச்சினை என்பது: புதுப்பனி, காற்று சேர்த்த பனி, பழைய பனி, ஈரப்பனி, வழுக்கும் பனி. நான் புவியியல் படிப்பித்தவள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ‘பழைய பனி’ என்று போட்டால் கூடுதலாகப் பயப்படுங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, கடும் குளிரில் சீனி மாதிரி ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்றும் சேர்ந்து ஒரு கெட்டித் தகட்டைப் போடும். 30 பாகைக்கு மேல் சரிவான இடத்தில் ஒருவருடைய பாரமே போதும், கீழுள்ள மணிப்படை உடைந்து, வெடிப்பு ஓடி, முழுத் தகடும் இறங்கும். அகப்படுபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் விடயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களேதான், அல்லது கூடப் போனவர். அதனால்தான் நல்ல குழுக்கள் செங்குத்தான இடத்தில் இடைவெளி விட்டு ஏறி, ஒவ்வொருவராக இறங்குகின்றன. எல்லோரும் ஒன்றாகப் புதைந்தால் தோண்டி எடுக்க ஆளில்லை.

நம் ஊரில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். இந்தச் செயலி அப்படி ஒன்றும் கட்டளையிடாது. நிலைமையைச் சொல்லிவிட்டு முடிவை உங்களிடம் விட்டுவிடும். முன்னறிவிப்பு ஒரு பிராந்தியம் முழுவதுக்குமானது, மகள் நிற்கும் அந்த ஒரு சரிவுக்கானது அல்ல. குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதும் இதில் தெரியாது. முன்னால் போகிறவரின் தடத்தைப் பார்த்து எல்லோரும் பின்னால் போவது, பயம் வந்தவர் மற்றவர்களின் நாளைக் கெடுக்கக்கூடாது என்று வாய் திறக்காமல் இருப்பது, இதெல்லாம் எந்த வரைபடத்திலும் வராது. அதை மகளிடம் நேராகக் கதைத்துத்தான் அறிய முடியும்.

மொழி ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம். தமிழ் இல்லை. ஆனால் வட்டமும் உயரமும் நிறமும் வாசிக்க மொழி அதிகம் தேவையில்லை, என் கணவர் படங்களை வைத்தே பழகிவிட்டார்.

எங்கள் வீட்டில் இது கொண்டுவந்த மாற்றத்துக்காகவே முழுப் புள்ளி தருவேன். முன்பெல்லாம் ‘கவனம் பிள்ளை’ என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும், அவளும் ‘ஓம் அம்மா’ என்று வைத்துவிடுவாள். இப்போது முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு கேட்கிறேன்: எந்தப் பக்கச் சரிவு? எத்தனை பாகை? யார் திரும்புவோம் என்று சொன்னாலும் எல்லோரும் கேட்பீர்களா? “வடக்குப் பக்கம் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டம் அம்மா, தெற்கால 30 பாகைக்குக் குறைஞ்ச வழியாத்தான் போறம்” என்று அவள் பதில் சொல்லும்போது, அவள் எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று எனக்கு விளங்குகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். எல்.வி.எஸ். கருவி (பனிக்குள் புதைந்தவரைச் சமிக்ஞை மூலம் கண்டுபிடிக்க உதவுவது), சவள், தேடும் தடி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, பழகியிருக்கிறார்களா? புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு மூச்சடைத்து, அரை மணித்தியாலத்துக்குள் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. ஹெலிகொப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

அவர்கள் ஏறத் தொடங்கிய பிறகு அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள். போன் எல்.வி.எஸ். கருவியின் சமிக்ஞையைக் குழப்பும். நடக்கும்போது இரண்டுக்கும் இடையில் 20 சென்ரிமீற்றராவது, தேடும்போது 50 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். என் மகள் போனை நிறுத்திப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் ஏறுகிறாள். கீழே வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று முதல்நாள் இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.