எழுதச் சொல்லிக்கொடுக்க மணிக்கணக்கு விரிவுரையாளர்: காசுக்கு என்ன கிடைக்கிறது?

ஜூன் பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் துறைத் தலைவர்களுக்கு ஒரு தேடல் தொடங்கிவிடும். ஆய்வேடு எழுதவும் அலுவலகக் கடிதம், அறிக்கை எழுதவும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நிரந்தரப் பணியிடம் கிடையாது. மணிக்கணக்கில் ஒருவரைப் போட்டுக்கொள்வோம் என்று முடிவாகும். அந்த ஏற்பாடு கொடுக்கும் காசுக்கு ஈடாகிறதா, யாரைப் போட்டால் பலன், எங்கே கவிழ்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வகுப்பு எடுக்கும் நேரத்துக்கு மட்டும் சம்பளம் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம். எழுத்துப் பயிற்சியில் மாணவர் கற்பதில் பெரும்பகுதி, திருத்தித் திரும்பி வரும் தாளிலிருந்துதான். அந்தத் தாளுக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு வகுப்பில் 40 பேர், செமஸ்டருக்கு 30 மணி நேரம், ஆளுக்கு ஐந்து அசைன்மென்ட், ஒவ்வொன்றும் 400 சொல். ஒரு தாளை ஒழுங்காகப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுத 12 நிமிடமாவது ஆகும். அதற்குக் கீழே போனால் அது வெறும் டிக். 200 தாளுக்கு 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். வகுப்பைவிடத் திருத்துகிற வேலைதான் பெரிது. இரண்டிரண்டு மணி நேரமாக 15 தடவை வகுப்பு வைத்தால், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வந்துபோகிறவருக்கு டவுன் பஸ் மாறுவதையும் சேர்த்துத் தடவைக்கு மூன்று மணி நேரம், மொத்தம் 45 மணி நேரம் வழியிலேயே போய்விடும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் அறிவித்தது. அந்தக் கணக்கிலேயே கொடுத்தாலும் 30 மணிக்கு 45,000 ரூபாய். அதை 115 மணி நேர உழைப்பால் வகுத்தால் மணிக்கு 391 ரூபாய்தான் நிற்கிறது. பல தனியார் கல்லூரிகள் 1,500ஐ எட்டுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவு நான்காம் ஐந்தாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து அசைன்மென்ட் இரண்டாகக் குறையும். ஓரக் குறிப்பு போய் ‘நன்று’ வரும். பிறகு ‘அறிக்கையின் இலக்கணம்’ என்று நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது தொடங்கும். மாணவர் தேர்வில் 80 மதிப்பெண் வாங்கிவிடுவார், ஒரு பக்கம் சொந்தமாக எழுதத் திணறுவார். ஆசிரியரை இதற்குக் குறை சொல்ல முடியாது. கொடுக்காத கூலிக்கு ஒருவர் எத்தனை நாள் உழைப்பார்?

அதே 45,000 ரூபாயை வேறு மாதிரி பிரித்தால் நிலைமை மாறிவிடும். வகுப்பு 18 மணி, 1,500 வீதம் 27,000. திருத்தம் 36 மணி, 500 வீதம் 18,000. 36 மணியில் 180 தாள் திருத்தலாம். 40 பேருக்கு ஆளுக்கு நான்கு தாள் போக 20 தாள் மிச்சம். மிகவும் பின்தங்கியவர்கள் மறுபடி எழுதித் தருவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். வந்துபோவதும் 15 தடவை ஒன்பதாகக் குறைகிறது. பாடத்திட்டத்தில் 30 மணி என்று இருந்தால், மீதி 12 மணியை வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதும் நேரமாக வைத்து, துறையின் சொந்த ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் பரிந்துரைப்பது இந்தப் பிரிவினையைத்தான்.

யாரைப் போடுவது? டெல்டாவில் ஆள் பஞ்சமில்லை. 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி, 1981இல் வந்த தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982இல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2009இல் வந்த திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்று சுற்றிலும் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் மொழியில் உறுதியானவர்கள். ஒற்றுப்பிழை ஒன்றுகூடத் தப்பாது, பொறுமையும் உண்டு. அடிக்குறிப்பில் ‘மேலது’ போட்டே பழகியவர்களுக்கு அமெரிக்க உளவியல் சங்கம் (ஏபிஏ) 2019இல் கொண்டுவந்த ஏழாம் பதிப்பின் மேற்கோள் முறையும், துணைநூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஸொட்டேரோ போன்ற மென்பொருளும் அந்நியமாக இருக்கும். அந்த இரண்டு வகுப்புகளை மட்டும் ஓர் ஆய்வு மாணவரிடம் கொடுத்துவிட்டால் போதும். ஆய்வேட்டு எழுத்துக்கு எங்கள் முதல் தேர்வு இவர்கள்தான்.

முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள் குறைந்த தொகைக்கு வருவார்கள், கருவிகள் தெரியும், மாணவர்களோடு நன்றாக ஒட்டுவார்கள். ஆனால் வேறு இடத்தில் வேலை கிடைத்தால் செமஸ்டர் நடுவிலேயே போய்விடுவார்கள். தங்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதம் வந்தால் திருத்த வேண்டிய தாள் கட்டுப் பிரிக்காமலே கிடக்கும். சமர்ப்பிக்க ஓராண்டாவது இருப்பவராகப் பார்த்து எடுங்கள்.

அலுவலக எழுத்துக்குப் பத்திரிகை உதவி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர் ஆகியோருக்கு நிகர் கிடையாது. மனுவில் புல எண், பட்டா எண், பரப்பு ஆகியவை எந்த வரியில் வரவேண்டும், ‘பொருள்’, ‘பார்வை’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று இவர்கள் சொல்லிக்கொடுத்தால் மாணவருக்கு ஆயுளுக்கும் மறக்காது. சிக்கல் தகுதியில். நெட், செட் ஆகிய தகுதித் தேர்வுகளோ முனைவர் பட்டமோ இல்லாதவரை விரிவுரையாளர் என்று காட்டினால் பல்கலைக்கழகத் தகுதி ஒப்புதலில் நின்றுவிடும். பாடத்திட்டத்துக்கு வெளியே நடத்தும் மதிப்புக்கூட்டுப் படிப்பின் பயிற்சியாளர் என்று போட்டுக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரருக்கு மாலையில் பணி இருக்கும், காலை வகுப்புதான் தோதுப்படும்.

இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, ஸ்லைடு காட்டி, எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துப் போகும் பயிற்சி நிறுவனங்கள் வேண்டாம். ஒரு தாளும் திருத்தித் திரும்ப வராது.

தேர்வு செய்யும்போது பயோடேட்டாவை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு மாணவர் எழுதிய பக்கத்தைக் கொடுங்கள். சிவப்புப் பேனாவும் 20 நிமிடமும் போதும். இந்த மாதிரி இரண்டு வாக்கியம் அதில் இருக்கட்டும்:

“டெல்டா மாவட்டங்களில் சம்பா சாகுபடியானது விவசாயிகளால் மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நிலையில் நீர்ப்பற்றாக்குறை காரணமாக பாதிப்புகள் ஏற்பட்டுள்ளது. இருந்தாலும் மாவுக்கு 14 மூட்டை விளைச்சல் கிடைத்தது.”

சாதாரணமாகத் திருத்துகிறவர் ‘காரணமாகப் பாதிப்புகள்’ என்று ஒற்றைப் போடுவார், ‘ஏற்பட்டுள்ளது’ என்பதை ‘ஏற்பட்டுள்ளன’ ஆக்குவார். சரிதான், ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது. கொஞ்சம் தேர்ந்தவர் ‘மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நிலையில்’ என்பதை அடித்துவிட்டு, எந்த ஆண்டு, எந்த வட்டம், பாதிப்பு என்றால் நாற்று காய்ந்ததா நடவு தள்ளிப்போனதா என்று ஓரத்தில் கேட்பார். நீங்கள் தேடுகிற ஆள், இரண்டாவது வாக்கியத்தில் பேனாவை நிறுத்தி ‘எந்த மூட்டை?’ என்று எழுதுகிறவர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. வியாபாரியிடம் போடும் மூட்டை 60 கிலோ கணக்கு. 14 மூட்டை என்பது ஒன்றில் 560 கிலோ, மற்றதில் 840 கிலோ. மா என்பது டெல்டாவில் புழங்கும் நில அளவு. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்தால் ஏக்கருக்கு 1,680 கிலோவா 2,520 கிலோவா என்பது தெரியாமலே ஆய்வேட்டின் அட்டவணை முழுவதும் எழுதப்பட்டிருக்கும். களத்தில் விவசாயி மா கணக்கில் சொல்வார், அரசுப் புள்ளிவிவரம் ஹெக்டேரில் இருக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மாற்றிய விதத்தை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் எழுத்துப் பயிற்சிதான்.

நேர்காணலில் விதிமுறைகளையும் கேட்டுப் பாருங்கள். யுஜிசியின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அது தெரியாமல் இன்னும் ‘கேர் பட்டியலில் போடு’ என்று சொல்கிறவர் படிப்பதை நிறுத்திச் சில காலம் ஆகிறது என்று பொருள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குக் கட்டாயமான, இரண்டு கிரெடிட், 30 மணி நேர ‘ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை’ பாடத்தையும் இவரிடமே ஒப்படைப்பதாக இருந்தால் இந்தக் கேள்விகளைத் தவிர்க்கவே கூடாது.

தமிழில் ஆய்வேடு எழுதும் துறைகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கும். அப்படியே ஒப்புமை மென்பொருளில் ஏற்றினால், இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்கும் எந்தக் கட்டுரையோடும் அது பொருந்தாது. நகலெடுத்த பக்கங்கள் நிறைந்திருந்தாலும் ஒப்புமை கிட்டத்தட்ட இல்லை என்று சான்று வந்துவிடும். நம் பிள்ளைகள் பின்னால் மாட்டிக்கொள்வது இதில்தான். எனவே முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது முழுக்கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் ஆங்கிலத் துணைநூற்பட்டியலும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும், அதைத் தனியே வெட்டி வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். இதைச் செய்துகாட்டத் தெரிந்த விரிவுரையாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

செயற்கை அறிவுச் செயலியில் எழுதி வாங்கிவருவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருட்களை நம்பி யாரையும் தண்டிக்க வேண்டாம். முதல் வரைவை வகுப்பிலேயே 40 நிமிடத்தில் கையால் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்து வரும் இரண்டாம் வரைவு யாருடையது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

மழையை மறந்து போடும் அட்டவணை டெல்டாவில் நிற்காது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் திடீர் திடீரென்று விடுமுறை வரும். வகுப்பு நடக்கவில்லை என்று மணிக்கணக்குக்காரருக்கு அந்த நாள் காசு போய்விடும், ஈடுகட்டும் வகுப்புக்கும் கல்லூரியின் அட்டவணை இடம் கொடுக்காது. கூடியவரை ஜனவரி செமஸ்டருக்கு இந்தப் பாடத்தைத் தள்ளுங்கள். முடியாவிட்டால் நான்கில் மூன்று தாளை அக்டோபர் 15க்குள் வாங்கித் திருத்தி முடித்துவிட வேண்டும். மழை விடுமுறை நாளில் வீட்டிலிருந்து திருத்திய மணிக்கும் காசு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

ஒப்பந்தம் என்றதும் நாலு பக்கம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். வகுப்பு மணி, திருத்த மணி, இரண்டுக்கும் தனித்தனி வீதம், போக்குவரத்துப் படி, பில் கொடுக்கும் தேதி. செமஸ்டர் முடிந்து மொத்தமாகத் தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள் என்று விரிவுரையாளர்களுக்கும் சொல்கிறோம், ஏனென்றால் நிலுவை விழுவது பெரும்பாலும் அந்த ஏற்பாட்டில்தான். மாதாமாதம் பில், அதோடு திருத்திய தாள்களின் எண்ணிக்கையைத் துறைத் தலைவர் கையெழுத்துடன் ஒரு நோட்டில் பதிவு. ஒரு பிரிவில் 40 பேருக்கு மேல் போனால் கூடுதல் தாளுக்குக் கூடுதல் மணி. வாங்கிய தாள் பத்து நாளில் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும், அது திரும்பும் வரை அடுத்த அசைன்மென்ட் கொடுக்கக் கூடாது. மாணவர் பிரதிநிதியிடமும் அந்தத் தேதி இருக்கட்டும்.