நோட்டா பட்டன் ரிவ்யூ: 5க்கு 2 ஸ்டார், அதுவும் பாவம் பாத்து

மிக்ஸிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ரிவ்யூ எழுதுறாங்க, மூணு எலெக்‌ஷன்ல நான் யூஸ் பண்ண இந்த 'யாருக்கும் ஓட்டு இல்ல' பட்டனுக்கு ஒருத்தரும் எழுதல, அதான் கோத்தகிரில இருந்து நானே எழுதறேன்.

மொதல்ல பழைய மாடல், 49ஓங்கிற தேர்தல் விதி. 2011 சட்டமன்றத் தேர்தல்ல ட்ரை பண்ணேன். எங்க பூத்துல உக்காந்திருந்த ரெண்டு கட்சி ஏஜெண்டுல ஒருத்தர் எனக்கு மாமா, இன்னொருத்தர் சித்தப்பா முறை. அவங்க முன்னாடியே ஆபீசர்கிட்ட "யாருக்கும் போடல சார்"னு வாயத் தொறந்து சொல்லி, 17ஏங்கிற வாக்காளர் ரிஜிஸ்டர்ல எழுத வெச்சு கையெழுத்தும் போடணும். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருச்சு. மாமா "எங்களுக்குப் போடலன்னா அவனுங்களுக்குப் போட்ட மாதிரிதான்"னாரு, சித்தப்பாவும் அச்சு அசலா அதையேதான் சொன்னாரு!

2013 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து புது மாடல் இறங்குச்சு. லிஸ்டுல கடைசி பட்டன், தேட வேண்டியதே இல்ல. 2015ல சின்னமும் குடுத்துட்டாங்க, இப்பல்லாம் எங்க அமுக்கினோம்னு நமக்குக் காட்டுற விவிபேட் மெஷின்ல 7 செகண்ட் ஸ்லிப்பும் தெரியுது. முக்கியமா யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்டார் அதுக்கு.

நம்ம நீலகிரி தொகுதிதான் இதுக்கு பெரிய கஸ்டமர், 2014 நாடாளுமன்றத் தேர்தல்ல 46,559 ஓட்டு, மூணாவது எடம். மலைக்காரனுக்கு பச்சைத் தேயிலை விலை மேல கோவம், அரசியல்வாதின்னாலே வெறுப்புன்னு அப்ப நானும் டீக்கடைல அளந்து விட்டேன். அது கொஞ்சம் இருக்கலாம். ஆனா அந்த தடவ பிஜேபி வேட்பாளரோட மனு தள்ளுபடி ஆயிருச்சு, அந்த அணிக்காரங்களுக்கு இலையும் புடிக்கல சூரியனும் புடிக்கல, எங்க போவாங்க. 2024ல இந்தூர்லயும் இதே கததான், காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்கினதும் நோட்டாவுக்கு 2,18,674. அதாவது நம்ம பிராண்டு ஸ்டாக் இல்லன்னாதான் இது அமோகமா விக்குது, அதப் போய் எல்லாக் கட்சி மேலயும் உள்ள வெறுப்புன்னு சொல்லிட்டுத் திரியுறோம்.

சரி, அமுக்கினா என்ன வேலை செய்யுது? ஒண்ணும் இல்ல. இந்த 46,559 பேரும் அப்படியே ரெண்டாவது வந்தவருக்குப் போட்டிருந்தாலும் ரிசல்ட் மாறியிருக்காது, வித்தியாசமே ஒரு லட்சத்துக்கு மேல. நோட்டாவே மொத எடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்பி. டெபாசிட் கணக்குக்குக் கூட இந்த ஓட்ட சேக்க மாட்டாங்க. மகாராஷ்டிரா, ஹரியானா மாதிரி எடத்துல 2018ல உள்ளாட்சித் தேர்தலுக்கு, நோட்டா ஜெயிச்சா மறுதேர்தல்னு கொண்டு வந்தாங்க. அந்த வெர்ஷன் நமக்கு வந்தா ரெண்ட நாலாக்கிடறேன்.

இன்னொரு குறை, போட்டி டைட்டாச்சுன்னா இதத் தொடவே மனசு வராது. 2021 சட்டமன்றத் தேர்தல்ல கூடலூர் 1,945 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சுது, எங்க குன்னூர் தொகுதி 4,105ல. அந்த தடவ நானும் கடைசி பட்டன் வரைக்கும் வெரல கொண்டு போயிட்டேன், அப்பறம் அய்யோ அவன் வந்துருவானேன்னு ஒரு பயம், வெரல் தானா மேல ஏறிருச்சு. நான் போட்டவரு மேலயும் எனக்கு ஒரு மரியாதையும் இல்ல, இன்னொருத்தர் மேல வெறுப்பு ஒரு கரண்டி கூட, அவ்வளவுதான். இது ரெண்டு கட்சிக்கும் நல்லாத் தெரியும். அதான் பச்சைத் தேயிலைக்கு கிலோவுக்கு என்ன விலை வாங்கித் தருவேன்னு பேசுறத விட, அவன் வந்தா என்னாகும் தெரியுமான்னே மைக்ல கத்துறாங்க.

இன்னொரு ஸ்டார் எதுக்குன்னா, மாமா இப்பவும் அதே பூத்து ஏஜெண்டுதான். போன தடவ ஓட்டு போட்டுட்டு வெளிய வந்தப்ப டீயும் வர்க்கியும் வாங்கிக் குடுத்து "மாப்ள, எங்கடா அமுக்குன"ன்னு நைசா கேட்டாரு. ரகசியம் மாமான்னு சொல்லிட்டு இன்னொரு வர்க்கி எடுத்துக்கிட்டேன்.