கானாடுகாத்தான் தெருக்களில் கேமராவோடு

காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் இருக்கும் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சிங்கப்பூரில் சொன்னபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே விடுவாங்களா?" என்பதுதான். விடுவார்கள். யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்ததிலிருந்து நிறையப் பேர் விசாரிப்பதால், போக்குவரத்து, தங்குமிடம் பற்றியும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குத் திருச்சி விமானம்தான் வசதி. அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி. சென்னையில் இறங்குகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி நேரம் கழித்துத்தான் போய்ச் சேரும் என்பதால், ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பும்படி தங்குமிடத்தில் முன்பே சொல்லிவையுங்கள். டிரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2022 பிப்ரவரி முதல் டிரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. சுங்கத்தில் நின்று வாதாடிப் பயனில்லை.

ஊர் சுற்ற முதலில் இணையத்தில் ஒரு கார் பதிவு செய்தேன். விடியற்காலை வரவேண்டிய வண்டி வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. கிழக்குப் பார்த்த வாசல்களில் சாய்ந்து விழும் காலை வெளிச்சம் அன்றைக்குப் போயிற்று. மறுநாள் காரைக்குடி கார் ஸ்டாண்டில் ஒரு தம்பியைப் பிடித்தேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த சேவை அவருடையதுதான். எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். "அண்ணே, இந்த வீட்டு வாட்ச்மேன் இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருப்பாரு. எழுப்ப வேணாம், பள்ளத்தூர் போயிட்டு வந்துருவோம்" என்பார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் பல வாசல்கள் எங்களுக்குத் திறந்தன.

இந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முன்பாதியிலும் எழுந்தவை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, செட்டியார்கள் அனுப்பிய பணம். நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் அவர்களுடைய கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடத்திய கடைகள், இருந்தன. இன்று அங்கே வானுயரக் கட்டிடங்கள். பெட்டியடியில், அதாவது கணக்குப் பெட்டியின் முன், உட்கார்ந்து அவர்கள் கணக்கு எழுதிய இடம் போய்விட்டது. அந்தப் பணத்தில் வாங்கிய பர்மாத் தேக்கு மட்டும் கானாடுகாத்தானில் நிற்கிறது. அதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு.

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் ஒன்றிரண்டு வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். அங்கே தயங்க வேண்டியதில்லை. 1912இல் கட்டிய செட்டிநாட்டு அரண்மனையையும், காரைக்குடியில் 1941இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டையும் வெளியிலிருந்துதான் பார்த்தேன். மற்ற வீடுகளில் நிலைமை வேறு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். சாவி மட்டும் காவல் இருப்பவரிடம். அவர் சொந்தமாக அனுமதி தர முடியாது, நாமும் அவரை நெருக்கக் கூடாது.

ஒரு வீட்டில் காவல் இருந்த அம்மா, "இருங்க தம்பி, எங்க ஆச்சிக்குப் போன் போட்டுக் கேக்குறேன்" என்று சென்னையில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் பேசினார். போன் என்னிடம் வந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, படத்தை என்ன செய்வீர்கள் என்று ஆச்சி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "வளவு வரைக்கும் எடுத்துக்கங்க. சாமி அறைப் பக்கம் மட்டும் வேணாம்" என்றார். வளவு என்றால் முகப்பைத் தாண்டி வரும் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். அதற்குப் பிறகு அந்த அம்மா காட்டிய அக்கறையை எந்த ஓட்டலிலும் காண முடியாது. முகப்பிலிருந்து பின்தெரு வரை ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனார். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கதவு நிலைக்குள் நிலையாகப் பார்வை ஓடி, கடைசியில் பின்தெருவின் வெயில் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்காகவே போகலாம். எல்லாக் கதவும் திறந்திருந்தால்தான் அது கிடைக்கும். அதற்கு ஒருவர் மனம்வைத்து அவ்வளவு தூரம் நடந்து திறக்க வேண்டும்.

முன்வாசல் நிலையின் முன் மட்டும் வெகுநேரம் நின்றேன். மேலே நடுவில் கஜலட்சுமி, இரு பக்கமும் யாளி, கொடி, கிளி, அதற்கு வெளியே மறுபடி ஒரு வரிசைப் பூவேலை. கதவுப் பலகையில் பித்தளைக் குமிழ்கள். முழு நிலையும் படத்துக்குள் வரவேண்டுமென்றால் தெருவின் எதிர்ப்பக்கம் வரை பின்னால் போங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் நிலைக்கால்கள் மேலே போகப்போகச் சாயும். போனின் அகலக் கோணத்தில் ஓரங்கள் வளைந்துவிடும். உள்ளே முகப்பு இருட்டு, வளவு கண்கூசும் வெளிச்சம். கேமரா முக்காலி (டிரைபாட்) வைத்து வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அடுத்தடுத்து எடுங்கள். நடுப்பகலில் வெளியே எடுப்பது வீண், அப்போது வீட்டுக்குள் இருங்கள். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்த சுவர் அந்த வெயிலிலும் தொட்டால் சில்லென்று இருக்கிறது.

காவல் இருப்பவர்களுக்குக் கையில் ரொக்கம் கொடுங்கள், கேட்காவிட்டாலும். கடைகளில் யூபிஐ போதும். சிங்கப்பூர் எண்ணோடு என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்கை இணைத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது. எனக்கு எல்லா இடத்திலும் தடையில்லாமல் நடந்தது.

தங்குவதற்குப் பழைய வீடுகளையே விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். வாடகை அதிகம்தான். ஆனால் விடியும்போது யாரையும் கேட்காமல் முற்றத்தில் படம் எடுக்கலாம், சாப்பாடும் பிரமாதம். தடித்த சுவர்களுக்குள் வைஃபை எட்டவில்லை. செலவைக் குறைக்க நினைத்தால் காரைக்குடி லாட்ஜே போதும்.

அப்புறம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன இடம். சுவரில் சாய்த்து வைத்த நிலைகளும் கதவுகளும் தூண்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன. பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. பராமரிக்க யாரும் இல்லாமல், பங்காளிகளுக்குள்ளும் ஒத்துவராமல், மழையில் ஓடு சரிந்து, கடைசியில் வீட்டையே பிரித்து விற்கிறார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அத்தனை பெரிய வீட்டை ஒரு குடும்பம் தாங்க முடியாது. 96 ஊராக இருந்த செட்டிநாடு இன்று எழுபதுக்குச் சற்று மேல் என்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றும் வீடுகள் பிரிபடுவது நிற்கவில்லை.

ஒரு கடையில், கதவைச் சிங்கப்பூருக்கே அனுப்பித் தருவதாகச் சொன்னார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளானாலும் நூறு வயது தாண்டியிருந்தால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையின் சான்றைக் கேளுங்கள். நான் வாங்கவில்லை. அது எந்த ஊர் வாசலில் நின்றது என்று கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தோடும் ஊர், தெரு, வாசல் பார்க்கும் திசை, தேதி நான்கையும் எழுதி வைக்கிறேன். கதவை மட்டும் நெருங்கி எடுத்த அழகான படங்கள் எங்கும் கிடைக்கின்றன. படிக்கட்டு, திண்ணை, பக்கத்துச் சுவரோடு எடுத்தால்தான் நாளை வீடு இல்லாமல் போனாலும் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியும். இதை நீங்களும் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் அனுமதிக்காத வரை வெளியில் போடாதீர்கள். ஆளில்லாத வீடு எது என்று திருடருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

கிளம்பும் முன் காரைக்குடி ஸ்டுடியோ ஒன்றில் பிரிண்ட் போட்டேன். அன்றைக்கே, நல்ல தாளில் கொடுத்தார்கள். ஒன்றைக் காவல்கார அம்மாவிடம் கொடுத்தேன், ஒன்றைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். கிடைத்ததும் ஆச்சி கூப்பிட்டார். "தை மாசம் பேத்திக்குக் கல்யாணம், அங்கதான் வச்சிருக்கோம். வீடு முழுக்கத் திறந்திருக்கும், வாங்க." தை மாதத்தில் போவதாக இருந்தால் விமானச் சீட்டை முன்கூட்டியே பாருங்கள். பொங்கலை ஒட்டித் திருச்சிக் கட்டணம் ஏறிவிடும்.