ஹட்டனில் ஆறு மாத ஞாயிறு உளவியல் வகுப்பு: என் அனுபவம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். உளவளத்துணைப் பொறுப்பும் என் தலையில் வந்ததால், ஹட்டனில் ஞாயிறுதோறும் நடக்கும் ஆறு மாத உளவியல் டிப்ளோமாவில் சேர்ந்தேன். போன மாதம் முடிந்தது.

பாடம், 1879இல் வில்ஹெல்ம் வூண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் தொடங்கிய உளவியல் ஆய்வுகூடத்தில் ஆரம்பிக்கிறது. ஃபிராய்டுக்கு இரண்டு ஞாயிறு. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வெளியே தெரியும் நடத்தையை வைத்து மனிதரைப் படிக்கும் நடத்தைவாதம் வந்த அன்றுதான் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. செயலின் விளைவே அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது என்ற ஸ்கின்னரின் கருத்தை, விரிவுரையாளர் பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்துத் தராசை வைத்தே விளக்கினார்: சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், கூடினால் மேலதிகக் காசு. பின்வரிசைத் தங்கச்சி ஒருத்தி எழும்பி, "வெயில் காலத்தில் மலையில் கொழுந்தே இல்லாட்டி அம்மா என்ன சேர் செய்வாங்க?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த அம்மாவின் மனசைக் கேட்கத்தான் அடுத்த பாடம்" என்றார்.

அது கார்ல் ரோஜர்ஸ், எதிரில் இருப்பவரை எடைபோடாமல் காதுகொடுத்துக் கேட்பதை உளவளத்துணையின் மையமாக்கிய அமெரிக்க உளவியலாளர். இருவர் இருவராக உட்கார வைத்து, பத்து நிமிடம் புத்தி சொல்லாமல் கேட்கச் சொன்னார்கள். எனக்கு மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. அடுத்த வாரம், தாய் குவைத்துக்குப் போன ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என் முன்னால் வந்து நின்றாள். வழக்கமான "அழாதே, நல்லாப் படி" நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். டையின் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தவள், மெதுவாக, "டீச்சர், அம்மாவுடைய குரல் மறந்து போகுது" என்றாள். ஆறு மாதக் கட்டணம் எனக்கு அன்றே கழிந்துவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். தொழில் துறைகள் பற்றிய பாடத்தை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். பாடசாலை உளவியல், கைத்தொழில் உளவியல் எல்லாம் வெறும் பெயர்களாகவே ஓடின. அச்சடித்த குறிப்பில் உளமருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். முன்னவர் வைத்தியம் படித்து மருந்து எழுதுபவர். பின்னவர் உளவியல் படித்து, மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் செய்பவர். இதைக் குழப்பினால் ஒரு பிள்ளையைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுவோம். இந்த டிப்ளோமாவால் மட்டும் யாரும் உளவியலாளர் ஆகிவிட முடியாது என்பதையும் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, சேரலாமா? ஆசிரியர்களும் நலன்புரி உத்தியோகத்தர்களும் கட்டாயம் சேருங்கள். ஒரு தடித்த கொப்பி கொண்டு போங்கள். அச்சுக் குறிப்பை விட விரிவுரையாளர் வாயால் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.