கீசரில் எர்த் ஒயரை வெட்டிவிட்டு 3,850 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள்

சேலத்தில் கீசர் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்புத்தான் இன்னும் போகவில்லை.

வீடு அம்மாபேட்டைப் பக்கம். 15 லிட்டர், 2,000 வாட் கீசர். வாங்கி ஆறு வருடம். குடிக்க மேட்டூர் தண்ணீர், குளிக்கத் துவைக்க போர் தண்ணீர். மார்கழியில் ஒருநாள் விடிகாலை கீசரைப் போட்டதும் வீடே இருட்டாகிவிட்டது. மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச், விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டால் நிற்கும், கீசரைப் போட்டால் மறுபடி விழும். கீசர் சுவிட்சை அணைத்து வைத்திருந்தபோதுகூட இரண்டு முறை விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. கோளாறு கீசருக்குள்தான், கரண்ட் எங்கேயோ கசிகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், அவ்வளவுதான், வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர் இல்லை. மூடியைக்கூடக் கழற்றாமலே, "காயில் போச்சு, தெர்மோஸ்டாட் போச்சு, கட்அவுட்டும் போச்சுக்கா. ஏற்காட்டு லாட்ஜுக்கெல்லாம் நாங்கதான் பாக்குறோம்" என்றார் பெரியவர். கட்அவுட் என்றால் சூடு அளவு மீறினால் கரண்டை நிறுத்துவது. தண்ணீர் தெறிக்கும் என்று சொல்லி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாற்பது நிமிடம்.

வெளியே வந்து கீசரைப் போட்டுக் காட்டினார்கள். விழவில்லை. ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கினார்; டப்பென்று விழுந்தது. "பாத்தீங்களாக்கா, சேஃப்டி பக்கா." அந்த பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த் ஒயர் இருக்கிறதா இல்லையா என்று காட்டாது. இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான். 3,850 ரூபாய் ஜிபேயில் போட்டேன். பில் கேட்டால் கடைக்கு வரச் சொன்னார்கள். பழைய காயிலைக் கேட்டால், கம்பெனிக்குத் திருப்பித் தரவேண்டுமாம்.

ஒன்பதாவது நாள் அம்மா, "குழாயைத் தொட்டா சுரீர்ங்குது கண்ணு" என்றார். பனிக்குக் கை வெடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்றேன். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம்! மறுநாள் அதே குழாயில் எனக்கே சுரீரென்றது.

பெரியப்பா ஸ்டீல் பிளான்ட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மஞ்சப்பையில் மீட்டரோடு வந்தார். கீசரைப் பார்க்கவில்லை, நேராக பிளக்கைப் பிடுங்கிக் கழற்றினார். மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த்துக்கு. அதில் திருகு மட்டும் இருந்தது, ஒயர் இல்லை. எர்த்துக்கான பச்சை ஒயரைக் குட்டையாக வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, உள்ளேயே மடக்கி வைத்திருந்தார்கள். பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அடப் பாவி" என்றார்.

மெயினை அணைத்துவிட்டுக் கீசரின் அடி மூடியைத் திறந்தார். காயில் பிளேட்டின் நட்டுகளில் துரு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 27 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 2,000 வாட் காயிலுக்கு 26, 27 ஓம்தான் கணக்கு, அதனால் காயில் அறுந்து போகவில்லை. ஆனால் ஒரு முனைக்கும் கீசர் பாடிக்கும் நடுவே மீட்டர் எதுவுமே காட்டக்கூடாது. இங்கே சுமார் 6,000 ஓம் காட்டியது. 230-ஐ அதால் வகுத்தால் 38 மில்லிஆம்பியர். எங்கள் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுவது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நாங்கள்தான் அதைத் தொந்தரவு என்று நினைத்தோம்.

எர்த்தை வெட்டிவிட்டால் கசியும் கரண்ட் போக வழி இல்லை, ஆர்சிசிபியும் விழாது. கீசர் தொட்டி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பைப், அதற்குள் இருக்கும் ஒரு மீட்டர் நீளத் தண்ணீர் வழியாகக் கொஞ்சமாக வந்ததால் சுரீரோடு போனது. இரும்பு பைப்பாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை.

காயிலைக் கழற்றியபோது அதன்மேல் சுண்ணாம்புக் கட்டி விரல் தடிமனுக்கு இருந்தது. உப்புத் தண்ணீர் செய்த வேலை. அப்படிப் படிந்தால் சூடு வெளியே போகாமல் காயிலே வெந்து, அதன் வெளி உறை மயிரிழை அளவுக்கு வெடிக்கும். உள்ளே அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரம் குடித்தால் கரண்ட் கசியும். நம் ஊர் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டாலும் வருவது இதே சரக்குத்தான்.

புதுக் காயில், காஸ்கெட், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் மெக்னீசியம் கம்பி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது. தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் பழையவையே, இரண்டும் நன்றாக இருந்தன. சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்டியது, சாக்கெட் வரை எர்த் ஒயர் வந்திருக்கிறது.

ஆள் வந்தால் முதலில் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சிசிபி விழுந்தால் கசிவு; கீசருக்கான எம்சிபி (அளவு மீறிக் கரண்ட் பாய்ந்தால் விழும் சுவிட்ச்) மட்டும் பட்டென்று விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட்; எதுவும் விழாமல் தண்ணீர் மட்டும் சூடாகாமல் வந்தால் காயில் அறுந்திருக்கலாம், கட்அவுட் விழுந்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பதில் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பச்சை ஒயர் பெரிய பின்னில் இருக்கவேண்டும்.

ரிப்பேருக்கு வந்த அந்தப் பெரியவருக்குப் போன் செய்தேன். "கேரண்டி தண்ணி சூடாகறதுக்குத்தாங்கா, சூடாகுதுல்ல?" என்று வைத்துவிட்டார். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். வெட்டிய ஒயரைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து நான்கு நாள் ஆகிறது.