போர்டுல ஓடுற சி லைப்ரரியை மூணு வருஷமா டெஸ்ட் பண்ணுன அனுபவம்

மதுரை புதூர்ல சின்ன பட்டறை எங்களுது, மேலூர் உசிலம்பட்டி பக்கம் பால் சொசைட்டிகளுக்கு எடை மெஷின் போர்டு செஞ்சு குடுக்குறோம். போர்டுக்குன்னு காசு குடுத்து வாங்குன சி கம்பைலர்தான் (சி மொழியில எழுதுறதை போர்டுக்குப் புரியுற கோடா மாத்துறது) மூணு வருஷமா ஓடுது, கோடு சின்னதா வேகமா வருது, அதுல குறையே சொல்ல மாட்டேன். அதுகூட வர்ற லைப்ரரியை (ரெடிமேடா எழுதி வச்ச ஃபங்ஷன்களோட தொகுப்பு) மட்டும் டெஸ்ட் பண்ணாம நம்பாதீங்க.

மொத வருஷம் ஒருநாள் விடியக்காலம் அஞ்சரைக்கு சொசைட்டி செயலாளர் போன். "தம்பி, பாதிப்பேரு இல்லைனு மெஷின் சொல்லுது, கேனைத் தூக்கிக்கிட்டு ஆளுக வரிசையில நிக்கிறாக"ன்னாரு. அன்னைக்கு நோட்டுல எழுதித்தான் பால் வாங்குனாங்க. உறுப்பினர் பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசைப்படுத்தி போர்டுல ஏத்துவோம், போர்டு அதுல பைனரி சர்ச் பண்ணித் தேடும், அதாவது நடுவுல இருக்கிற பேரைப் பாத்து, தேடுற பேரு முன்பாதியா பின்பாதியான்னு பாதிபாதியாக் குறைச்சுட்டே போகும். அதுவரைக்கும் எல்லாப் பேரும் தமிழ்ல இருந்துச்சு, அந்த மாசம்தான் புது ஆளுக பேரை இங்கிலீஷ்ல அடிச்சிருக்காங்க. ரெண்டு பேரை ஒப்பிடுற ஸ்ட்ர்கம்ப் (strcmp) ஃபங்ஷன் ஒவ்வொரு பைட்டையும் அன்சைண்டாத்தான் (மைனஸ் இல்லாம, 0லேருந்து 255 வரைக்கும்) ஒப்பிடணும்னு சி மொழியோட விதிகளைச் சொல்ற ஸ்டாண்டர்ட்ல தெளிவா இருக்கு, எழுத்தை பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில 'அ'வோட மொத பைட் 224, இங்கிலீஷ் 'A' 65, அப்ப இங்கிலீஷ் முன்னாடி வரணும். இந்த லைப்ரரி சைண்டா (மைனஸும் வர்ற மாதிரி) எடுத்துருச்சு, 224 மைனஸ் 32 ஆகிப்போச்சு, தமிழ் முன்னாடி வந்துருச்சு, தேடல் தப்பான பாதிக்குப் போயிருச்சு. தமிழ்ப் பேரா மட்டும் இருந்த வரைக்கும் இது எங்க கண்ணுல படவே இல்ல.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஸ்டாண்டர்டைப் பக்கத்துல வச்சு டெஸ்ட் எழுத ஆரம்பிச்சேன். மொத ரவுண்டுல எல்லாமே பாஸ், சந்தேகமாயிருச்சு. பாத்தா ஒப்பிடக் குடுத்த ரெண்டு ஸ்ட்ரிங்கும் (எழுத்துக் கோர்வை) கோடுலயே மாறாத கான்ஸ்டன்ட்டா இருந்ததால கம்பைலரே விடையைக் கணக்குப் போட்டு வச்சிருச்சு, லைப்ரரியைக் கூப்பிடவே இல்ல. வொலட்டைல் ஃபங்ஷன் பாயிண்டர் வழியா (எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுறோம்னு கம்பைலர் முன்கூட்டியே ஊகிக்க முடியாத மாதிரி) கூப்பிட்டதும் தப்பெல்லாம் வரிசையா விழுந்துச்சு. எழுத்தா இருக்கிற எண்ணை நம்பரா மாத்துற ஸ்ட்ர்டோலுக்கு (strtol) 99999999999 குடுத்தா, அடங்குற பெரிய நம்பரான 2147483647 திருப்பி, பிழையைக் குறிக்கிற எர்நோல (errno) ஈரேஞ்ச் (ERANGE, அளவு தாண்டிருச்சுன்னு அர்த்தம்) வைக்கணும் (எங்க போர்டுல அது திருப்புற லாங் வகை எண் 32 பிட்), இது சத்தமில்லாம 1215752191 குடுத்துச்சு. குடுத்த இடத்துக்குள்ள எழுத்தை அடுக்கித் தர்ற எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf), ஸ்டாண்டர்டோட 1999 பதிப்பான சி99 படி, இடம் பத்தலைன்னா எத்தனை எழுத்து வந்திருக்கணுமோ அந்த எண்ணிக்கையைத் திருப்பணும், இது மைனஸ் 1 குடுத்துட்டு, ஸ்ட்ரிங் முடிஞ்சதைக் காட்டுற கடைசி நல் பைட்டையும் (0) போடல. பஃபரையும் (விடையை எழுதக் குடுக்குற இடம்) அதுக்கு அடுத்த பைட்டுகளையும் மொதல்ல 170ஆல நிரப்பி வச்சுட்டுக் கூப்பிடுங்க, எல்லை தாண்டி எழுதுனா உடனே தெரிஞ்சுரும்.

ஒண்ணு கவனம், ஸ்டாண்டர்ட் சொல்லாததை எதிர்பாக்கக்கூடாது. மொத ஸ்ட்ரிங் முன்னாடி வந்தா ஸ்ட்ர்கம்ப் மைனஸ் 1தான் தரணும்னு எங்கேயும் இல்ல, நெகட்டிவா இருந்தாப் போதும். மெமரி கேக்குற மேலாக்கை (malloc) 0 பைட்டு கேட்டுக் கூப்பிட்டா, நல் (NULL, எந்த இடமும் இல்லைன்னு அர்த்தம்) குடுத்தாலும் சரி, குடுக்கலைன்னாலும் சரி. இதையெல்லாம் ஃபெயில்னு எழுதி அனுப்புனா கம்பைலர்காரங்க உண்மையான தப்பையும் கண்டுக்க மாட்டாங்க. டெஸ்ட்டை போர்டுலயே ஓட்டணும், கம்ப்யூட்டர்ல ஓட்டுனா அங்க இருக்கிற லைப்ரரியைத்தான் சோதிச்ச மாதிரி.

போன மாசம் வந்த புது வெர்ஷன்ல ஸ்ட்ர்கம்ப்பும் எஸ்என்பிரிண்ட்எஃப்பும் சரியாயிருச்சு. ஸ்ட்ர்டோல் இன்னும் அப்படியேதான் இருக்கு, அதுக்குப் பதிலா நாங்க எழுதுனதைத்தான் லிங்க் பண்ணிட்டிருக்கோம் (எங்க ப்ரோக்ராம்ல சேர்த்துட்டிருக்கோம்).