பத்துக்கு நாலு வாங்கிய பள்ளி: ஸ்டான்ஃபோர்டின் இலவசத் தளத்தைப் பார்த்த பிறகு

அமெரிக்காவில் வீடு தேட ஆரம்பித்த அன்றே பள்ளி ரேட்டிங் நம்மைப் பிடித்துக்கொள்ளும். வீடு தேடும் ஆப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும், அது எட்டுக்குக் கீழே என்றால் அந்த வீட்டின் படத்தைக்கூடத் திறக்காமல் தள்ளிவிடுவோம். நானும் ஆறு மாதம் அப்படித்தான் தேடினேன். அப்புறம் ஒரு தோழி சொல்லி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ‘எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி ப்ராஜெக்ட்’ தளத்துக்குப் போனேன். மூன்று வாரம் ராத்திரியெல்லாம் அதிலேயேதான் இருந்தேன். பிள்ளைக்குப் பள்ளி தேடும் எல்லோரும் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

இது கல்வித்துறைப் பேராசிரியர் ஷான் ரியர்டன் தலைமையில் நடக்கும் ஆய்வு. அரசுப் பள்ளிகளில் 3 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு வருடந்தோறும் கணக்கிலும் வாசிப்பிலும் தேர்வு வைக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம், ஆனால் எந்தத் தேர்வு என்பது ஒவ்வொரு மாநிலத்தின் இஷ்டம். அதனால் டெக்சாஸ் மதிப்பெண்ணையும் இல்லினாய் மதிப்பெண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கும் ‘நேப்’ தேர்வை அளவுகோலாக வைத்து எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய வேலை.

எனக்குக் கண்ணைத் திறந்தது என்னவென்றால், இதில் ஒரு பள்ளிக்குச் சராசரி மதிப்பெண் தனி, கற்றல் வேகம் தனி. சராசரி என்பது பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பது. கற்றல் வேகம் என்பது ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது எவ்வளவு ஏறுகிறார்கள் என்பது. முதலாவதை வரைபடத்தில் போட்டால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் விகிதம் கூடக் கூட புள்ளிகள் சரசரவென்று கீழே இறங்கும். பொத்தானை மாற்றி இரண்டாவதைப் போட்டுப் பாருங்கள், அந்தச் சரிவு பெரும்பாலும் காணாமல் போய், புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். வசதியான பேட்டைப் பள்ளிகளிலேயே மந்தமானவை இருக்கின்றன, ஏழைப் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளிகளில் வேகமாக ஏறுபவையும் இருக்கின்றன. அதாவது சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து நாம் நல்ல பள்ளி என்று சொல்வதில் பெரும்பகுதி பெற்றோரின் வருமானம், படிப்பு, பள்ளிக்கு முன்பே வீட்டில் கிடைத்தது எல்லாம்தான்.

சிகாகோதான் இதற்குப் பெரிய உதாரணம். அங்கே மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் தேசிய சராசரிக்கு ரொம்பவே கீழே இருந்தார்கள். ஆனால் 2009 முதல் 2014 வரையான ஐந்து வருடத்தில், மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் ஆறு வருடப் படிப்புக்குச் சமமாக முன்னேறினார்கள் என்று ரியர்டனின் 2017 ஆய்வு காட்டியது. வெறும் சராசரியைப் பார்த்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பல இடங்களில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்களை வைத்துத்தான் சொல்கிறார்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் என்றால் இலவசம், 185 வரை என்றால் சலுகை விலை. இப்போது பல நகரங்களில் விண்ணப்பமே வாங்காமல் பள்ளி மொத்தத்துக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். பசியோடு ஒரு பிள்ளையும் உட்கார வேண்டாம், நல்ல விஷயம். ஆனால் அப்படிப்பட்ட பள்ளியின் பக்கத்தில் 100 சதவீதம் என்று பார்த்துவிட்டு அத்தனை பேரும் ஏழைகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, எட்டாம் வகுப்போடு சரி. நான் பார்த்தபோது பள்ளி அளவிலான எண்கள் 2019 வரையிலானவை, கொரோனாவுக்குப் பிறகு என்ன ஆனது என்பது அதில் இல்லை. வருடா வருடம் பிள்ளைகள் வந்து போய்க்கொண்டிருக்கும் நகரப் பள்ளிகளில் கற்றல் வேகத்தையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும், மூன்றில் எழுதியவர்களும் ஐந்தில் எழுதுபவர்களும் ஒரே பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லையே. போனில் பார்த்தால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும், கணினியிலேயே பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு பள்ளியைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில் ‘அங்க நம்ம ஆளுங்க எவ்வளவு பேர்?’ என்பதுதான். நானும் ஏஷியன் சதவீதத்தைப் பார்த்துப் பள்ளியை எடை போட்டவள், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த எண்ணுக்கும் டீச்சர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆப்பில் பத்துக்கு நாலு என்றிருந்த ஒரு பள்ளி இந்தத் தளத்தில் கற்றல் வேகத்தில் நன்றாக இருந்தது. நேரில் போனேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு பழைய கோப்பை எடுத்துக் காட்டினார், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், செப்டம்பரில் எந்த அளவுப் புத்தகம் வாசித்தது, இப்போது எது என்று பென்சிலில் எழுதியிருந்தது. பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள். ஒரு தாளில் ஐந்து முறை அழித்து எழுதியிருந்தார், ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே. அந்தப் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில்தான் இப்போது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.